குளக்கரையில் ஒரு கணக்கு

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை தாராளமாகப் பெய்து, தாமிரபரணிப் பாசனத்துக் குளங்களெல்லாம் நிறைந்து மறுகால் பாய்ந்து ஓய்ந்தபின், தை பிறக்கும் சமயத்தில் அக்குளங்களில் வந்து தங்கியிருக்கும் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியில், திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் தன்னார்வலர் பலர் 2011ஆம் ஆண்டு முதல் ஈடுபட்டு வருகிறார்கள். ஆசிய நாடுகள் பலவற்றில் 1987 முதல் ஜனவரிதோறும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஒட்டியே இதுவும் நடக்கிறது. பல வருஷங்களாக இதில் பங்கு கொண்டவன் என்ற முறையில், இக்கைங்கரியத்தில் புதிதாக இறங்க விரும்புவோருக்குச் சில செய்திகளைச் சொல்லிவைக்க ஆசைப்படுகிறேன்.

பறவைகளின் பெயர் தெரியாதே என்ற தயக்கத்தினாலேயே பலர் வராமல் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டுவதில்லை. நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நெடுங்கால் உள்ளான், ஊசிவால் வாத்து ஆகிய இவற்றைத் தவறின்றி அடையாளம் காணக் கற்றுக்கொண்டவர், நம் குளங்களில் சாதாரணமாகக் காணும் பெரிய கூட்டங்களில் பலவற்றை எண்ணத் தகுதி பெற்றவராகிவிடுகிறார். அபூர்வப் பறவை ஒன்றைக் கண்டுவிட வேண்டுமென்ற தாகத்தைக் காட்டிலும், சாதாரணப் பறவைகளைச் சிரத்தையோடு எண்ணும் பொறுமையே இப்பணிக்குப் பிரதானம் என்பது என் அபிப்பிராயம்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. விடிந்ததும் கிழக்குக் கரைக்குப் போய், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றுகொள்ள வேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் ஒரே கறுப்பாகத் தெரியும். ஐந்நூறு வாத்துகள் ஒன்றாக மிதக்கும் இடத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் பாதியிலேயே கூட்டம் இடம் மாறிவிடுமாகையால், முதலில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு பரப்பை அடைத்துக்கொள்கிறதென்று மனத்தில் வாங்கிக்கொண்டு, அந்தப் பரப்பை ஓர் அளவுகோலாகப் பாவித்துக் கூட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நகர்த்திக்கொண்டே போகவேண்டும். கூட்டம் மிகப் பெரிதானால் அளவுகோலும் நூறாக வளரலாம். ஒருவர் எண்ணிச் சொல்ல மற்றொருவர் எழுதுவதும், பிறகு இருவரும் இடம் மாற்றிக்கொண்டு மறுபடி எண்ணி இரண்டு தொகையையும் ஒப்பிடுவதும் நல்லது. வற்றிப்போன குளத்திற்கும் சென்று, பறவையே இல்லையென்று தாளில் எழுதத் தவறக்கூடாது. போன வருஷம் நிறைந்திருந்த இடம் இவ்வருஷம் வெறுமையாய்க் கிடக்கிறதென்பதை அந்த ஒரு வரியைக் கொண்டுதான் பின்னால் வருகிறவர்கள் அறியமுடியும். அக்காரணம் பற்றியே, ஆண்டுதோறும் புதிய குளங்களைத் தேடி அலைவதை விட்டு, ஒரு சில குளங்களைத் தமதென்று வரித்துக்கொண்டு அவற்றுக்கே திரும்பத் திரும்பச் செல்லவேண்டும் என்கிறேன்.

படம் எடுக்கும் ஆவலில் கூடுள்ள மரங்களின் அருகே செல்வதை அடியோடு விலக்கவேண்டும். தாய்ப்பறவை சற்று நேரம் எழுந்து பறந்தாலும் போதும், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகிவிடும்.

குளத்தைச் சார்ந்து வாழும் மனிதர்களின் சிநேகமே இதில் எனக்குக் கிடைத்த பெரும் பேறு. மடைக்காரர், மீன் குத்தகைக்காரர், ஆடு மேய்ப்பவர் முதலிய இவர்கள் வருஷம் முழுவதும் காண்பதை நாம் ஒரு காலைப்பொழுதில் கண்டுவிட முடியாது. "அண்ணாச்சி, நீங்க இப்ப வந்து எண்ணுதீய, போன மாசம் வந்திருந்தா தண்ணியே தெரியாது, அம்புட்டுப் பறவை" என்று ஒரு மடைக்காரர் சொன்னபோது, அதையும் தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகு முன்பிருந்தே அவ்வூரார் தம் வீட்டுக் கொல்லை மரங்களில் நாரைகளுக்கு இடங்கொடுத்து, தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் காத்து, எச்சம் ஊறிய வண்டலை வயலுக்கு எருவாக்கி வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அத்தகையோரிடம் உபதேசம் செய்யப் போகாமல், கேட்டறியப் போவதே முறை.

எங்கள் பொறுப்பிலிருந்த ஒரு குளத்தினுள் நின்ற கருவேல மரங்களை ஏலம் விட்டு வெட்டுவதற்கு ஏற்பாடாயிற்று. அவற்றில் கூழைக்கடாக்கள் கூடு வைத்திருந்தன. ஏலத்தை நிறுத்தும்படி நாங்கள் கோரவில்லை. அந்த வருமானம் ஊருக்கு வேண்டியதென்பதை அறிவோம். கூடுகளின் எண்ணிக்கையையும் முந்திய வருஷங்களின் தொகையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கும்படி மட்டும் வேண்டினோம். ஊர்ப் பெரியவர்கள் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, அவை தங்கள் குளத்துப் பறவைகளென்ற உரிமையோடு வெட்டை ஆனி கழியும்வரை தள்ளிவைத்தார்கள். ஆதலால், கணக்கு முடிந்தவுடன் தாளை நம் பையில் மடித்துக்கொண்டு திரும்பிவிடாமல், பறவைகளுக்கு அந்த ஊர் வழங்கும் பெயர்களிலேயே தெளிவாக ஒரு பிரதி எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் மடைக்காரரிடமும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.