நம்மையும் அளந்து பார்ப்போம்

ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷாஃப்ட்டை 25 மி.மீ.க்குக் கடையும்போது எத்தனை தடவை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறோம்! ஒரு கட், ஒரு அளவு; மறுபடி ஒரு கட், மறுபடி ஒரு அளவு. ஆனால் "தினம் எவ்வளவு நேரம்ப்பா படிக்கிறே?" என்று வீட்டில் கேட்டால் மட்டும், "அது ஒரு நாலு மணி நேரம் இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நாலு மணி நேரத்தை யார் அளந்தது?

நானும் அப்படிச் சொன்னவன்தான். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனதும், "இவ்வளவு படிச்சும் போச்சே" என்ற வருத்தத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். புத்தகத்தைத் திறந்த நேரம், மூடிய நேரம், நடுவில் எழுந்து போன நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். பத்து நாள் கழித்துக் கூட்டிப் பார்த்தால் சராசரி 80 நிமிஷம்! மீதியெல்லாம் டீ, அரட்டை, செல்போன்.

இப்படித் தன்னைத்தானே அளப்பது புது விஷயம் இல்லை நண்பர்களே. இத்தாலி நாட்டு மருத்துவர் சாந்தோரியோ, ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, தன் எடையையும் உண்டதையும் கழித்ததையும் பல வருஷம் நிறுத்துப் பார்த்தார். உள்ளே போன எடைக்கும் வெளியே வந்த எடைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உடம்பிலிருந்து ஆவியாகப் போவதுதான் அந்த வித்தியாசம் என்று 1614-ல் புத்தகமே எழுதினார்.

இடிதாங்கி கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் அளந்தது தன் குணத்தை. பதின்மூன்று நற்குணங்களை எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டு, தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி வைப்பார். வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கவனம். வருஷத்தில் நாலு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட, தந்தத் தகட்டில் பென்சிலால் எழுதி ஈரப் பஞ்சால் துடைக்க ஆரம்பித்தாராம். அவருக்குக் கடைசிவரை வசப்படாத குணம் எது தெரியுமா? ஒழுங்கு! எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது. (நம்ம டூல் ரூமில் இருப்பவர்கள் ஆறுதல் அடையலாம்.)

ஆனால் புள்ளி வைத்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கவும் தெரியணும். இங்கேதான் நம்ம தரக் கட்டுப்பாட்டுப் பாடம் கைகொடுக்கிறது. 1924-ல் அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் வால்டர் ஷுவார்ட் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்து காட்டினார். எந்த மெஷினிலும் அளவு கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். அந்தச் சாதாரண ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து ஒவ்வொரு ஜாப்புக்கும் செட்டிங்கை மாற்றினால் வேலை இன்னும் கெட்டுப்போகும். எல்லைக்கு வெளியே போனால்தான் தனிக் காரணம் தேடணும்.

என் பத்து நாள் கணக்கு, நிமிஷத்தில்: 80, 95, 70, 85, 60, 90, 75, 85, 65, 95. கூட்டினால் 800, சராசரி 80. அடுத்தடுத்த நாட்களின் வித்தியாசம் 15, 25, 15, 25, 30, 15, 10, 20, 30. இவற்றின் சராசரி ஏறக்குறைய 20.6. இதை 2.66-ஆல் பெருக்கணும். (மூன்று சிக்மாவுக்கான 3-ஐ 1.128-ஆல் வகுத்தால் வருவதுதான் இந்த 2.66.) விடை சுமார் 55. ஆக மேல் எல்லை 135, கீழ் எல்லை 25.

இது என்ன சொல்லுது? 60 நிமிஷம் படித்த அன்று ராத்திரி, "நான் உருப்படமாட்டேன்" என்று புலம்பியது வீண். 95 வந்த அன்று சினிமாவுக்குப் போய்க் கொண்டாடியதும் வீண். இரண்டும் ஒரே மெஷினின் ஆட்டம். ஆனால் பதினோராவது நாள் 10 நிமிஷம். அது எல்லைக்கு வெளியே. காரணம் தேடினால் சித்தப்பா மகள் கல்யாணம். சரி, அதை விட்டுவிடலாம்.

அப்போ 80-ஐ எப்படி ஏற்றுவது? திட்டிப் பிரயோஜனமில்லை, செட்டிங்கை மாற்றணும். ஒரே நேரத்தில் ஐந்தாறு மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. நான் மாற்றியது ஒன்றே ஒன்று: காலேஜ் விட்டதும் நேரே ரூமுக்குப் போகாமல் லைப்ரரி. அதற்கப்புறம் எட்டு நாள் தொடர்ந்து புள்ளிகள் 80-க்கு மேலேயே விழுந்தன. சராசரிக்கு ஒரே பக்கம் எட்டுப் புள்ளி தொடர்ந்து வந்தால் மெஷினே மாறியிருக்கிறது என்று அர்த்தம். புதுச் சராசரி போட்டேன்: 110.

இலக்கு வைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. செல்போனில் தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறதே, அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியது; மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல. செல்போனில் குறித்தால் அந்தக் கணக்கு யார் யார் கைக்குப் போகும் என்பதும் நமக்குத் தெரியாது. எனக்கு நோட்டே வசதி.

இரண்டு அரியரில் கணக்கு போன முறை க்ளியர் ஆகிவிட்டது. இன்னொன்று இன்னும் நிற்கிறது. நோட்டு என் பெட்டிக்குள் இருக்கிறது. ரூம்மேட்டுகள் பிரிக்காமலிருக்க அட்டையில் 'மெட்டலர்ஜி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.