உள்ளத்து அச்சமும் உடலின் காவலும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. மெய்யின்கண் வெளிப்பட்டுப் பிறர்க்கும் புலனாகிறது. இங்ஙனம் புலனாவதனைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, எட்டு வகைப்படுத்தி, அதற்கென ஓர் இயலையே வகுத்தார். அவ்வெட்டனுள் அச்சம் ஒன்று; இளிவரல் மற்றொன்று. இளிவரலாவது பிறர் முன் தன்னை இழிந்தவனாக உணர்ந்து உள்ளம் குன்றுதல். அஃது எழுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு எனக் கூறும் ஆசிரியர், அவற்றுள் பிணியையும் ஒன்றாக வைத்துள்ளார். நோயுற்றவன் நோவினால் மட்டுமன்றி, நோயாளி என்று நோக்கப்படுவதனாலும் வருந்துகிறான் என்பது எத்துணை நுட்பமான கருத்து! கண்ணீர், நடுக்கம், வியர்வை முதலிய புறக்குறிகளைப் புலவர்கள் கண்டனர். அதே உணர்ச்சி குருதியினுள் விளைக்கும் மாற்றங்களைக் காண்பதற்கு அறிவியல் வளர வேண்டியிருந்தது.

அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கானன் என்பார், பூனை உண்ட உணவு அதன் இரைப்பையில் செரிக்கும் முறையை எக்ஸ் கதிர்களின் துணையால் ஆராய்ந்து வந்தார். பூனை அமைதியாய் இருந்தபோது இரைப்பை அலையலையாய் அசைந்தது; பூனை வெருண்ட அளவில் அவ்வசைவு நின்றுவிட்டது. ஆராய்ச்சிக்கு இடையூறு என்று பிறர் ஒதுக்கியிருக்கக்கூடிய இந்நிகழ்ச்சியே கானனுக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. பகையைக் கண்ட உயிர், எதிர்த்துப் போரிடுதற்கோ ஓடித் தப்புதற்கோ தன் ஆற்றலையெல்லாம் ஒருங்கு திரட்டுகிறது; ஆறியிருந்து செய்தற்குரிய பணிகளை அவ்வேளையில் நிறுத்தி வைக்கிறது என்று அவர் தெளிந்தார். இக்கருத்துகளை 1915இல் நூலாகவும் வெளியிட்டார்.

இவ்வேற்பாட்டிற்குத் துணை நிற்பது, சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல அமைந்துள்ள அட்ரினல் என்னும் சிறு சுரப்பி. எடையோ ஏறக்குறைய ஐந்து கிராம். ஆயினும் அது செய்யும் பணி பெரிது. அதன் உட்பகுதி அட்ரினலின், நாரட்ரினலின் என்னும் ஹார்மோன்களை நொடிப்பொழுதில் குருதியில் கலக்கிறது. நெஞ்சு படபடத்தலும் மயிர் சிலிர்த்தலும் உள்ளங்கை வியர்த்தலும் அதன் விளைவுகளே. புறப்பகுதியோ சற்றுத் தாழ்ந்தே தொழிற்படும். மூளையினின்று புறப்படும் கட்டளை பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியே வந்து சேர, சில நிமிடங்கள் கழித்துக் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. உடலுக்கு வேண்டிய சர்க்கரையைக் குருதியில் மிகுவித்தலும், வீக்கம் அழற்சி முதலியவற்றை அடக்குதலும் அதன் தொழில்கள். அச்சம் இல்லாத நாளிலும் அது விடியலில் மிகுந்து, நள்ளிரவில் குறைந்து, ஓர் ஒழுங்கில் இயங்கும்.

பகை கண்ட பொழுதில் மிகுந்து, பகை நீங்கியதும் குறைவதாயின் கார்ட்டிசால் நன்மையே செய்யும். பகை நீங்காதிருப்பின் யாது நேரும்? கனடா நாட்டில் மான்ட்ரியால் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்பார் இவ்வினாவிற்கு விடை கண்டார். கடுங்குளிர், காயம், நஞ்சு, அளவிறந்த உழைப்பு எனத் தம்முள் வேறுபட்ட இன்னல்களுக்கு அவர் எலிகளை உட்படுத்தினார். இன்னல்கள் வேறாயினும் விளைவுகள் ஒன்றாகவே இருந்தன. அட்ரினல் சுரப்பி பருத்தது. இரைப்பையில் புண்கள் தோன்றின. தைமஸ் சுரப்பியும் நிணநீர் முடிச்சுகளும் சுருங்கின. 1936இல் அவர் வெளியிட்ட இம்முடிவில் இறுதியாகக் கூறியதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. நோய்க்கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்களுள் ஒருசாரார் முதிர்ச்சி பெறுவது தைமஸிலேயாம்; அவர்கள் பாசறை இறங்கியிருப்பது நிணநீர் முடிச்சுகளிலேயாம். நெடிய இன்னல் உடலின் காவற்படையையே மெலிவிக்கிறது என்பது இதனாற் பெறப்படும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றோர்க்கு, அவ்வுறுப்பை உடல் பகையெனக் கருதித் தாக்காதவாறு, கார்ட்டிசாலை ஒத்த மருந்துகளை மருத்துவர் கொடுப்பதும் இவ்வியல்பு பற்றியே.

இனி, அக்காவற்படையையே தன் இரையாகக் கொள்ளும் நச்சுயிரி ஒன்றை நோக்குவோம். 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மாந்தானியே ஆகியோர் குழுவினர் கண்டறிந்த அது, இன்று எச்.ஐ.வி. என வழங்கப்படுகிறது. பிற கிருமிகள் அரணின் வாயிலைத் தாக்குமாயின், இது படைத்தலைவனையே தாக்குகிறது. ஏனைய அணுக்களை ஏவிப் போர் நடத்தும் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களுள் புகுந்து, பெருகி, அவற்றை அழிக்கிறது. நலமுடையார் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500 முதல் 1500 வரை இருக்கும் அவ்வணுக்கள் 200க்கும் கீழே குறையும்போது எய்ட்ஸ் நிலை எய்திற்று என்பர்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் அறியப்பட்ட இடம் சென்னையே. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் சிலரின் குருதியைத் திரட்டினார். அதனை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. அதன்பின் நாட்டில் பரவியது நச்சுயிரி மட்டுமன்று. அச்சமும் உடன் பரவிற்று. உடன் உண்பதனாலும், கை தீண்டுவதனாலும், ஒரே பலகையில் அமர்வதனாலும் இது பரவுவதில்லை. எனினும் நோயுற்றோரை வீட்டார் விலக்கினர்; ஊரார் ஒதுக்கினர்; தாய் தந்தையர்க்கு நோய் என்பதற்காகப் பள்ளியினின்று அகற்றப்பட்ட சிறுவரும் உண்டு.

இந்நிலையில் ஒருவர் உள்ளம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காட்டில் புலியைக் கண்டவன் ஓடித் தப்பியபின் அவன் நெஞ்சின் துடிப்பு தணியும். அண்டை வீட்டார் அறிவாரோ, அலுவலகத்தார் அறிவாரோ, மகளின் மணம் தடைப்படுமோ என்று அஞ்சுபவன் எவ்விடத்திற்கு ஓடுவான்? அவன் கண்ட புலி அவனுடனேயே வாழ்கிறது. ஆகவே அவன் சுரப்பிகளும் ஓய்வின்றித் தொழிற்படுகின்றன.

இது வெறும் கற்பனை உவமையன்று. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் ஜேன் லெசர்மன் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும், எச்.ஐ.வி. தொற்றுடைய, ஆனால் நோய்க்குறி தோன்றாத 82 ஆடவரை ஏழரை ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு திங்களுக்கு ஒரு முறை அவர்தம் வாழ்வில் நேர்ந்த இன்னல்களைக் கேட்டறிந்து, குருதியையும் சோதித்தனர். இன்னல் மிகுந்தோரும், துணையாவார் குறைந்தோரும், கார்ட்டிசால் மிகுந்தோரும் ஏனையோரினும் விரைந்து எய்ட்ஸ் நிலையை அடைந்தனர் என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதற்கு முன்னரே, 1996இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஸ்டீவ் கோல் என்பாரும் உடனாய்வாளரும் மற்றோர் உண்மையைக் கூறியிருந்தனர். தொற்றுடைய, தன்பால் விழைவினரான 80 ஆடவரை ஒன்பது ஆண்டுகள் கண்காணித்ததில், தம் இயல்பைப் பிறர் அறியாவாறு மறைத்து வாழ்ந்தோரிடத்தே நோய் விரைந்து முற்றியது. நாரட்ரினலின் கலந்த சூழலில் இந்நச்சுயிரி விரைவாகப் பெருகுவதைக் கோல் பின்னர் ஆய்வுக்கூடத்திலும் கண்டார். நிணநீர் முடிச்சுகளுள் செல்லும் நரம்பு நுனிகள் அந்த ஹார்மோனையே உகுக்கின்றன என்பதை அறிவோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இவற்றைக் கேட்டு, 'மனத்தைத் திடமாக வைத்துக்கொண்டால் நோய் தானே நீங்கும்' என்று உரைப்பாரும் உளர். அது பெரும்பிழை, நோயாளியின் துன்பத்திற்கு அவன்மீதே பழி சுமத்தும் கொடுமையும் ஆகும். எச்.ஐ.வி. தொற்றுவது நச்சுயிரியால், கவலையால் அன்று. அதனை அடக்குவதும் மருந்தே. கார்ட்டிசாலை முற்றிலும் பகையென்று கொள்வதும் பொருந்தாது. நோய் மிக முற்றிய சிலரிடத்தே அட்ரினல் சுரப்பியே பழுதுற்று, அந்த ஹார்மோன் போதாமையால் உயிர்க்கு இடர் நேர்வதும் உண்டு.

1996 முதல் பல மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறை வழக்கிற்கு வந்தது. இந்திய அரசு 2004 ஏப்ரல் முதல் அம்மருந்துகளை இலவசமாக அளித்து வருகிறது; தாம்பரம் அரசு மருத்துவமனை அப்பணி முதலில் தொடங்கிய இடங்களுள் ஒன்று. மருந்தை ஒழுங்காக உண்போர் நெடுநாள் வாழ்கின்றனர். குருதியில் நச்சுயிரி சோதனைக்கும் அகப்படாத அளவிற்குக் குறைந்து, அந்நிலையே நீடிக்குமாயின், கூடி வாழும் துணைவர்க்கும் தொற்று பரவுவதில்லை. ஆயின் இம்மருந்தை நாள் தவறாது உண்ணல் வேண்டும். இங்கேதான் இளிவரல் மீண்டும் குறுக்கே நிற்கிறது. உறவினர் வந்திருக்கும் நாளில் மாத்திரையை எடுக்கக் கூசி ஒரு வேளையைத் தவிர்ப்பார் உண்டு. கண்டால் வினவுவர் என்று மருந்துப் புட்டியின் மேலுள்ள தாளைக் கிழித்து எறிவார் உண்டு. அவ்வாறு பலகால் விடுபடின், நச்சுயிரி மருந்திற்கு அடங்காத தன்மை பெற்று மீண்டும் பெருகும்.

சுமையைக் குறைத்தல் இயலுமோ எனின், இயலும். மயாமிப் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஆன்டனி என்பார், தொற்றுடையோரைச் சிறு குழுக்களாகப் பத்து வாரங்கள் கூட்டி, தசைகளைத் தளர்த்தி இளைப்பாறும் முறையையும், அச்சமூட்டும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முறையையும் பயிற்றுவித்தார். பயின்றோர்க்குக் கவலை குறைந்ததோடு, ஒரு நாள் முழுவதும் திரட்டிய சிறுநீரில் நாரட்ரினலின் அளவும் குறைந்திருந்தது. தமிழ்நாட்டின் மருந்து வழங்கும் மையங்களிலும் மருத்துவரோடு ஆற்றுப்படுத்துநர் ஒருவரும் இருப்பார். மருந்தின் பெயரைச் சொல்லுமுன், 'வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்?' என்று அவர் வினவுதல் உண்டு.

அவ்வினாவிற்கு விடையிறுப்பதும் இறாததும் நோயாளியின் விருப்பம். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுடையார் ஒருவரைப் பள்ளியிலோ பணியிடத்திலோ மருத்துவமனையிலோ வேறுபடுத்தி நடத்தலாகாது என்கிறது. அவர் இசைவின்றி அவர் நிலையைப் பிறர்க்கு வெளிப்படுத்துவதையும் தடுக்கிறது.