ஆந்தையார்: பெயருக்குள் ஒரு மகன்

கரும்பலகையில் 'பிசிராந்தையார்' என்று எழுதியதும் வகுப்பில் சிரிப்பு எழும். "ஆந்தைன்னு யாராவது பேர் வைப்பாங்களா?" என்று ஒரு குரலும் வரும். பிசிர் என்பது ஊர், ஆந்தை என்பது பெயர் என்று சொல்லிவிட்டு நாம் பாடலுக்குச் சென்றுவிடுகிறோம். சிரித்த மாணவரோ அது பறவையின் பெயர் என்றே எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அந்தக் கேள்விக்குச் சற்று நேரம் ஒதுக்கினால், இலக்கணம், இலக்கியம், தொல்லியல் மூன்றையும் ஒரே பெயரில் காட்டிவிடலாம்.

பெயரின் பொருள்

ஆதன் + தந்தை = ஆந்தை. அதாவது, ஆதனின் தந்தை. இன்றும் தெருவில் 'முருகன் அப்பா', 'செல்வி அம்மா' என்று பிள்ளையின் பெயரால் பெற்றோரை அழைக்கிறோம் அல்லவா? அதே வழக்கம்தான் இது. மாணவர்க்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும். சிரிப்பு அடங்கி, கவனம் வந்துவிடும்.

புணர்ச்சி விதி

இத்தகைய பெயர்களுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம், புள்ளிமயங்கியலில் விதி கூறுகிறது. அதைப் படிப்படியாக நடத்தலாம்.

1. சாத்தன் + தந்தை: நிலைமொழி ஈற்றில் 'அன்' கெட்டு, 'சாத்த்' என நிற்கும்.

2. வருமொழி முதலில் 'த்' என்னும் மெய் மட்டும் கெட்டு, அகரம் எஞ்சும், 'அந்தை' என்றாகும்.

3. சாத்த் + அந்தை = சாத்தந்தை. இவ்வாறே கொற்றந்தை, கீரந்தை.

4. ஆதன், பூதன் ஆகிய இரண்டுக்கும் மேலும் ஒரு திரிபு உண்டு. ஆத் + அந்தை என நின்றபின், இடையிலுள்ள தகர ஒற்றும் அகரமும் கெடும். ஆந்தை, பூந்தை என வரும்.

முதல் மூன்று படிகளை மட்டும் கொடுத்து, ஆதனைச் சேர்க்கச் சொல்லுங்கள். மாணவர்கள் 'ஆதந்தை' என்று எழுதுவார்கள். அதன்பின் நான்காம் படியைச் சொன்னால், விதி மறக்காது.

ஆதன் யார்?

ஆதன் என்பது பழந்தமிழகத்தில் பரவலாக வழங்கிய பெயர். நெடுஞ்சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன் எனச் சேர வேந்தர் பெயர்களில் அது உண்டு. கரூர் மாவட்டம் புகளூர்க் கல்வெட்டிலும் ஆதன் என்னும் சேர மன்னன் பெயர் உள்ளது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அரசனுக்கு வைத்த பெயரே பானையிலும் கீறப்பட்டிருப்பதை மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம்.

ஆந்தை என்ற பெயரும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஐங்குறுநூற்றில் பாலைத்திணை பாடியவர் ஓதலாந்தையார். குறுந்தொகையில் சிறைக்குடி ஆந்தையார் இருக்கிறார். புறநானூறு 71ஆம் பாடலில் பூதப்பாண்டியன் தன் நண்பர்களைப் பட்டியலிடும்போது, எயில் ஆந்தையும் ஆதன் அழிசியும் அதில் வருகிறார்கள்.

பெயரும் நட்பும்

கோப்பெருஞ்சோழன்மேல் அவன் மக்களே படையெடுத்து வந்தனர். பின்னர் அவன் வடக்கிருந்தான். அவனை நேரில் கண்டிராத பிசிராந்தையார், பாண்டிய நாட்டிலிருந்து அங்கு வந்து சேர்ந்தார். நரை ஏன் இல்லை என்று கேட்டோர்க்கு அவர் சொன்ன விடையில் (புறம். 191) முதலில் வருவது மனைவியும் மக்களும் குணம் நிறைந்தவர்கள் என்பதே. பெற்ற மக்களால் நொந்த அரசனையும், மக்களால் நிறைவு பெற்ற புலவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆதனின் தந்தை என்ற பெயருக்குத் தனி ஒளி வருகிறது.

இன்னொன்றும் உண்டு. பிசிராந்தையார் தம் பெயரைச் சொல்ல நேரும்போது, தம்மைச் சோழன் என்றே சொல்லிக்கொள்வாராம். இதைச் சொல்பவன் கோப்பெருஞ்சோழனே (புறம். 216). மகனின் பெயரால் அறியப்பட்டவர், நண்பனின் பெயரையும் தம் பெயராக்கிக்கொண்டார்.

வகுப்பறைச் செயல்பாடு

தொடக்க வகுப்புகளில், தம் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் நம் வகுப்பில் இருப்பார்கள். எனவே விருப்பமுள்ளோர் மட்டும் பகிரட்டும். பாட்டி, ஆசிரியர், அண்டைவீட்டார் என யாரைக் கேட்டாலும் சரியே.

உயர்நிலை வகுப்புகளில், சங்கப் புலவர் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, தந்தை ஒளிந்திருக்கும் பெயர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

பிச்சை, மூக்கன், குப்பம்மாள் போன்ற பெயருடைய பிள்ளைகள் வருகைப்பதிவின்போது தலைகுனிவதைப் பார்த்திருக்கிறோம். முன்பிறந்த குழந்தைகளை இழந்த பெற்றோர், இந்தக் குழந்தையாவது தங்கட்டும் என்று ஏங்கி வைத்த பெயர்கள் இவை. ஆந்தையார் பாடத்தன்று அதையும் ஒரு சொல் சொல்லிவைத்தால், மறுநாள் அந்தப் பெயரை அழைக்கும்போது வகுப்பு சிரிக்காது.