ஊதா நிறக் குருதி

காயமுற்றுக் குருதியிழந்து கிடப்பவனுக்கு மற்றொருவன் தன் குருதியை ஈந்து உயிர் காப்பது தானங்களுள் சிறந்ததாகும். ஆயினும், ஈவோனும் அறியாவண்ணம் அக்குருதியோடு கொடிய நோயொன்றும் சேர்ந்து செல்லுமாயின் யாது செய்வது? தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டு மருத்துவர்களை இவ்வினா நெடுங்காலம் வருத்தியது.

அந்நாட்டுச் சிற்றூர்களில் மண்சுவர்க் குடிசைகள் மிகுதியாக இருந்தன. சுவர் வெடிப்புகளில் பகலெல்லாம் மறைந்திருக்கும் ஒருவகைப் பூச்சி, இரவில் வெளிப்பட்டு உறங்குவோரின் முகத்தைக் கடித்துக் குருதியை உறிஞ்சும். முகத்தை நாடி வருவதால் அதற்கு ‘முகம் மழிப்பவன்’ என்று அந்நாட்டார் வேடிக்கையாகப் பெயரிட்டனர். அதன் செயலோ வேடிக்கைக்கு உரியதன்று. அதன் எச்சத்தில் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணி, கடிவாயைச் சொறியும்போது உடலினுள் நுழைந்துவிடும். இவ்வொட்டுண்ணியைப் பூச்சியின் குடலிலும், பின்னர் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் குருதியிலும் கண்டவர் கார்லோஸ் சாகஸ் என்னும் மருத்துவர். தாம் கண்டதை அவர் 1909ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சாகஸ் நோய் ஓசையின்றி வேலை செய்யும் பகைவன் போன்றது. முதலில் தோன்றும் காய்ச்சல் தானே தணிந்துவிடும். பின்னர்ப் பல ஆண்டுகள் யாதொரு குறியும் தோன்றாது. இறுதியில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு இதயம் பழுதுறும். சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடி நகருக்கு வந்த உழைப்பாளி, தன்னை நோயற்றவன் என்றே நம்பிக் குருதி கொடுத்தான். குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் வைத்திருப்பினும் ஒட்டுண்ணி மடிவதில்லை. இவ்வாறு, பூச்சியையே கண்டிராத நகர மக்களையும் நோய் எட்டியது. 1952ஆம் ஆண்டில் சாவோ பாலோ நகரில் இவ்வுண்மை உறுதிப்பட்டது.

அப்போது அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் ரூத் நூசன்ஸ்வைக், விக்டர் நூசன்ஸ்வைக் என்னும் இளந்தம்பதியர் மருத்துவம் பயின்று வந்தனர். விக்டர், பிறரோடு கூடிச் சாயப்பொருள்கள் சிலவற்றை ஒட்டுண்ணியின்மேல் சோதித்துப் பார்த்தார். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மலிவான ஊதா மருந்தாகிய ஜென்ஷன் வயலெட்டே வெற்றி தந்தது! ஒரு லிட்டர் குருதியில் கால் கிராம் அளவு கலந்து, 24 மணி நேரம் குளிரில் வைத்தால் ஒட்டுண்ணிகள் மடிந்தன. 1953இல் இச்செய்தி வெளியாயிற்று.

எனினும், மருந்திட்ட குருதி ஊதா நிறம் பெற்றது. அதனை ஏற்றவரின் தோலிலும் அந்நிறம் சிலகாலம் தோன்றியதுண்டு. நிறத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், காலத்தை எங்ஙனம் பொறுப்பது? குருதி வடிந்துகொண்டிருப்பவன் ஒருநாள் முழுதும் காத்திருக்க இயலுமா? ஒளியும் வைட்டமின் சி-யும் சேர்ந்தால் மருந்து விரைந்து வேலை செய்யும் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

நாளடைவில், தானமாக வந்த குருதியைச் சோதித்து, நோயுடையதை நீக்கும் முறை பரவியது. குருதி வாணிகத்தைப் பிரேசில் தன் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே தடை செய்தது. வீடுகளில் பூச்சிமருந்தும் தெளிக்கப்பட்டது.

ஆயினும், நோயுடைய குருதியை நீக்கும் முறை எல்லா நாட்டுக்கும் பொருந்துவதன்று. ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டில் குருதி கொடுப்போர் பலருடைய உடலில் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறது. அவர்களையெல்லாம் விலக்கினால் மருத்துவமனைக்குக் குருதியே கிடைக்காது. எனவே, அங்கே வேறொரு வழி ஆராயப்பட்டது. குருதிப் பையில் ரைபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் பி-2 கலந்து, அதன்மீது புறஊதாக் கதிர்களைச் செலுத்தினர். கதிர் பட்டதும் அவ்வைட்டமின் ஒட்டுண்ணியின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. சிதைந்தபின் அது பெருக இயலாது. செவ்வணுக்களுக்கோ உட்கருவே இல்லை. ஆதலின், சிதைவதற்குரிய மரபுப்பொருளும் அவற்றில் இல்லை. பகைவனையும் நண்பனையும் பிரித்தறிய இவ்வேறுபாடே துணையாயிற்று.

குமாசி நகரில் நடந்த இவ்வாராய்ச்சியின் முடிவு 2016இல் வெளியாயிற்று. ஒட்டுண்ணியுள்ள குருதியை அப்படியே பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு மலேரியா ஒட்டுண்ணி தொற்றியது. கதிரூட்டிய குருதியைப் பெற்றவர்களிலோ அது நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தது.