வண்ணம் ஏறுவதற்கு முன்

எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் நான் முதன்முதலாகச் சிரத்தையோடு செய்து முடித்த ஸ்பிட்ஃபயர் விமானம், வண்ணம் பூசி, அடையாளக் குறிகள் ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட பதினைந்தாம் நாள், மூக்கிலிருந்து வால்வரை முதுகின் நடுவே மெல்லியதொரு பள்ளக் கோட்டைக் காட்டிற்று. உடலின் இரு பாதிகளையும் ஒட்டிய அன்றிரவே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, கோடு அடியோடு மறைந்துவிட்டது என்று நான் நம்பிய அதே இணைப்புத்தான் அது. பசையால் இளகிய பிளாஸ்டிக் உள்ளுக்குள் இன்னும் உலராமலே இருந்து, நாளடைவில் வற்றிச் சுருங்கி, மேலே ஏறியிருந்த வண்ணத்தையும் தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. இந்தக் கைத்தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஈடுபட்டுவிட்ட பிறகு, புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிற விஷயங்களில் பெரும்பகுதி அந்தப் பள்ளக் கோட்டிலிருந்தே பிறந்தது என்பேன்.

1/72 என்னும் இந்த அளவு தற்செயலாக வந்ததன்று. ஆறு அடியை ஓர் அங்குலமாகக் குறைத்தால் கிடைப்பது அது. அதாவது நடுத்தர உயரமுள்ள ஒரு மனிதன் ஏறக்குறைய ஓர் அங்குலப் பொம்மையாகி விமானத்தின் பக்கத்தில் நிற்பான். 1930-களில் இங்கிலாந்தில் மரத்தால் செய்யும் மாதிரிகளுக்குப் பழக்கத்தில் வந்த இந்த விகிதத்தை, 1936-இல் வெளிவந்த பிளாஸ்டிக் மாதிரிகளும் பின்பற்றின. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பகை விமானம் எது, நட்பு விமானம் எது என்று கண்டறியும் பயிற்சிக்காகப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு மர மாதிரிகளைச் செய்வித்தபோது எடுத்துக்கொண்டதும் இதுவே. அத்தகைய மாதிரியை முப்பத்தைந்து அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் பறக்கும் உண்மை விமானத்தைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். இந்தக் கணக்கை நான் இங்கே விவரிப்பதற்குக் காரணமுண்டு. சிறகின் முனைக்கு முனை 11.23 மீட்டர் நீளமுள்ள ஸ்பிட்ஃபயர் நம் மேஜைமேல் 156 மில்லிமீட்டராகச் சுருங்கும்போது, நம் கைப்பிழைகள் மட்டும் சுருங்குவதில்லை. கால் மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிறகின் அடியில் விட்டுவிட்ட ஓர் இடைவெளி, உண்மை விமானத்தில் பதினெட்டு மில்லிமீட்டர் பிளவாக, விரல் நுழையும் பிளவாக நிற்கும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு அப்பிய வண்ணம் ஏழு மில்லிமீட்டர் தடித்த தோலாகிவிடும். எதையும் செய்யுமுன் எழுபத்திரண்டால் பெருக்கிப் பார்ப்பதை நான் ஒரு விரதம்போல் கொண்டிருக்கிறேன்.

விமானங்களுள் ஸ்பிட்ஃபயரை நான் திரும்பத் திரும்பச் செய்வதற்கு, மிட்செல் என்ற வடிவமைப்பாளர் அதற்கு அளித்த நீள்வட்டச் சிறகின் அழகு ஒரு காரணம். மற்றொரு காரணம் நமக்கு நெருங்கியது. இரண்டாம் உலகப் போரில் சென்னை மாகாணத்து மக்களிடம் திரட்டிய நிதியை முன்னிட்டு, பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று அணிகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கின. 79, 234, 264 ஆகிய அந்த மூன்றனுள் ஸ்பிட்ஃபயரைக் கொண்டு 1940-ஆம் ஆண்டின் பிரிட்டன் வான்போரில் ஈடுபட்டது 234-ஆம் அணி. கார்ன்வாலில் செயின்ட் ஈவல் என்னும் தளத்திலிருந்தும், ஹாம்ப்ஷயரில் மிடில் வாலப் என்னும் தளத்திலிருந்தும் பறந்த அதன் விமானங்கள், உடலின் பக்கங்களில் ‘ஏ இசட்’ என்ற இரண்டு எழுத்துகளைப் பெரிதாகத் தாங்கியிருந்தன. நம் பாட்டன்மார் காலத்து ஊர்ப்பெயர் ஒன்று ஆங்கிலக் கால்வாயின்மேல் பறந்தது என்ற எண்ணம், அந்த எழுத்துகளை ஒட்டும்போதெல்லாம் என் கையைச் சற்று நிதானப்படுத்துகிறது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்ததும் உறுப்புகளைச் சட்டத்தோடு வைத்தபடியே மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலரவிட வேண்டும். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய் அதன்மேல் தங்கியிருக்குமானால், வண்ணம் பிற்பாடு தோலுரிந்து வரும். உறுப்பைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்த்தெடுப்பது பெரும் பாவம். முதல் வெட்டில் சிறு தண்டு விட்டு வெட்டி, இரண்டாம் வெட்டில் அதை ஒட்ட அறுத்து, மிச்சத்தை மெல்லிய அரத்தால் ராவிவிட்டால், பிளாஸ்டிக் வெளிறிக் குழிவிழுவது நேராது.

பசையைத் தொடுமுன் உறுப்புகளை வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு முறையல்ல, பல முறை. ஸ்பிட்ஃபயரின் சிறகுகள் உடலிலிருந்து ஆறு பாகை மேல்நோக்கி எழுபவை. அந்தச் சாய்வு ஒரு பாகை குறைந்தாலும் விமானம் சோர்ந்து தொங்குவதாகத் தோன்றும். தடித்த அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு, ஒரு சிறகு முனையிலிருந்து மறுமுனைவரை ஒட்டுநாடாவை இழுத்துக் கட்டிச் சிறகுகளைச் சற்றே உயர்த்தி நிறுத்தினால், சாய்வு சரியாவதோடு, சிறகும் உடலும் கூடுமிடத்து இடைவெளியும் தானே மூடிக்கொள்ளும். பட்டி வைத்து அடைக்க வேண்டிய பிளவுகளுள் பாதி, இவ்வாறு பொறுமையாக இழுத்துக் கட்டுவதாலேயே இல்லாமற்போகும் என்பது என் அனுபவம்.

நீர்போன்ற மெல்லிய பசையைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது கோட்டின் நெடுகிலும் தானே ஓடிவிடும். ஓடியதும் இரு பாதிகளையும் இதமாக அழுத்த, உருகிய பிளாஸ்டிக் நூலளவு வெளியே பிதுங்கி வரும். அதைத் துடைக்கலாகாது, தொடலாகாது. அது இரண்டு முழு நாள் கிடக்கட்டும். ஐப்பசி கார்த்திகை ஆனால் மூன்று நாள். அந்த நாட்களில் விமானி அமரும் அறையையோ சக்கரங்களையோ செய்துகொண்டிருக்கலாம். முன்னே சொன்ன பள்ளக் கோடு, இந்த இரண்டு நாளை நான் கொடுக்க மறுத்ததற்குக் கிடைத்த தண்டனைதான்.

கோட்டைத் தேய்க்கும் வித்தையை எனக்குக் கற்பித்தவர், எங்கள் தெருமுனையில் கார்களுக்கு வண்ணமடிக்கும் பட்டறை வைத்திருந்த ஒரு முதியவர். பள்ளம் விழுந்த என் விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தாம் பட்டி வைத்துத் தேய்த்திருந்த ஒரு கார்க் கதவின்மேல் என் உள்ளங்கையை வைத்து, “கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க தம்பி, மேடு பள்ளம் கைக்குத்தான் தெரியும்” என்றார். பிறகு அந்தக் கதவின்மேல் கறுப்பு வண்ணத்தைப் பனித்துளிபோல மிக இலேசாகத் தூவி, தண்ணீர் தொட்ட வாட்டர் பேப்பரால் தேய்த்துக் காட்டினார். மேடான இடங்களில் கறுப்பு உடனே அழிந்தது. பள்ளங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக நின்றது. “இது எங்கே நிக்குதோ அங்கே இன்னும் வேலை இருக்கு” என்றார். கார்க் கதவுக்குச் சொன்ன அந்த உபாயத்தை அன்றிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் கையாண்டு வருகிறேன்: சாம்பல் நிறப் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு, அதன்மேல் கறுப்புத் தூவல், பிறகு 800, 1200 எண் தாள்களால் ஈரத் தேய்ப்பு, பிறகு சாய்ந்த வெளிச்சத்தில் சோதனை. மூன்று முறை, நான்கு முறைகூட இது தொடரும்.

பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் உலரச் சுருங்குகிற வஸ்துதான். ஆகையால் ஒரே முறையில் தடித்து அப்பாமல், மெல்லியதாக இரண்டு முறை வைக்க வேண்டும். இருபுறமும் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு நடுவில் மட்டும் வைத்தால், பக்கத்திலுள்ள தகட்டுக் கோடுகள் தப்பிக்கும். அவசரத்துக்குச் சூப்பர் குளூவையும் பட்டியாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது நேரம் செல்லச் செல்லப் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடுவதால், கெட்டியானவுடனேயே தேய்த்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு ஒத்திப்போடக் கூடாது. பசைக்குப் பொறுமை, இதற்கு விரைவு. இரண்டையும் மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். விமானியின் கண்ணாடிக் கூண்டின் அருகே மட்டும் இந்தச் சூப்பர் குளூவைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெள்ளைப் புகையாக நின்றுவிடும். அங்கே சாதாரண வெள்ளைப் பசையே போதுமானது.

வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும் என்பது எல்லோரும் சொல்வதுதான். அதற்கு மேல் நம் சீதோஷ்ணம் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. சென்னையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியிருக்கும் மாதங்களில், விரைந்து ஆவியாகும் தின்னர் கலந்த லாக்கர் வண்ணத்தை ஏர்பிரஷ் கொண்டு அடித்தால், ஆவியாகும் தின்னர் மேற்பரப்பைக் குளிரச் செய்ய, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வண்ணத்துக்குள் சிறைப்பட்டு, முழு விமானமும் பனி மூடியதுபோல் வெளிறிவிடும். மந்தமாக ஆவியாகும் தின்னரைக் கலந்து, மழை விட்ட நண்பகலில், ஜன்னலைத் திறந்து, முகமூடி அணிந்து அடிப்பதே நல்லது. வெளிறியே போய்விட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. அதே மந்தமான தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் பூச்சு மீண்டும் இளகி, ஈரத்தை விடுவித்து, பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்றுண்டு. மேற்புறத்தில் மண்பழுப்பும் கரும்பச்சையும், 1940 ஜூனுக்குப் பிறகு அடிப்புறத்தில் வெளிர்பச்சை சாயலுடைய ‘ஸ்கை’ நிறமும் என்பது அந்த விமானங்களின் கோலம். ஆனால் உண்மை விமானத்தின் வண்ணத்தையே அப்படியே மாதிரிக்குப் பூசினால், அது கண்ணுக்குக் கனத்துத் தோன்றும். ஓர் அடி தூரத்திலிருந்து மாதிரியைப் பார்ப்பது எழுபத்திரண்டு அடிக்கு அப்பால் நிற்கும் விமானத்தைப் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்துக் காற்று நிறங்களைச் சற்றே வெளுக்கச் செய்யும். ஆகவே வண்ணத்தில் சிறிது வெளிர்நிறம் கலக்க வேண்டும். கரும்பச்சையில் வெறும் வெள்ளையைக் கலந்தால் அது உயிரற்றுப்போகும். மணல் மஞ்சளில் சில துளி கலந்தால் வெயில் பட்ட பச்சையாகும்.

எழுத்துகளையும் வட்டக் குறிகளையும் ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். பளபளப்பற்ற வண்ணம் நுண்ணிய மேடுபள்ளமுடையது. இந்தக் குறிகள் அச்சான டீக்காலுக்கும் அதற்கும் இடையே காற்று சிக்கினால், வெளிச்சத்தில் வெள்ளியாக மின்னிக் குறியின் ஓரத்தைக் காட்டிக்கொடுக்கும். டீக்காலை நனைக்க ஆழ்துளைக் கிணற்று நீர் உதவாது. அதன் உப்பு உலர்ந்ததும் வெள்ளை வளையமாக நிற்கும். கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரை வாங்கி, வெதுவெதுப்பாக்கி, டீக்காலைப் பத்துப் பதினைந்து விநாடி முக்கியெடுத்து ஓரமாக வைத்துவிட்டால், குறி தாளைவிட்டு நழுவத் தானே ஆயத்தமாகும். தாளைச் சிறகின்மேல் வைத்துக் குறியை அதிலிருந்து நழுவவிட வேண்டுமே தவிர, குறியை விரலால் தூக்கலாகாது.

அழுக்கும் பழமையும் காட்டுவதில் பலர் எல்லை மீறுகிறார்கள் என்பது என் வருத்தம். ஸ்பிட்ஃபயரின் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் வாய்களும், தூசியும் குளிரும் புகாதிருக்கச் சிவப்புத் துணித்துண்டுகளால் மூடப்பட்டிருந்தன. முதல் முறை சுட்டவுடன் அந்தத் துணி கிழிந்துவிடும். ஆகையால் சிவப்புத் துணி முழுதாக இருக்கும் மாதிரியில், அந்தத் துவாரங்களிலிருந்து சிறகின் அடியில் புகைக்கரி படிந்ததாகக் காட்டுவது நியாயமன்று. சுட்டுத் திரும்பிய விமானமா, புறப்படக் காத்திருக்கும் விமானமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்பவே தூரிகையை எடுக்க வேண்டும். தகட்டுக் கோடுகளுக்குக் கறுப்பு ஆகாது. நீர்த்த எண்ணெய் வண்ணத்தில் கரும்பழுப்பே போதும்.

எல்லாம் முடிந்து, பளபளப்பை அடக்கும் மட் வார்னிஷும் ஏறிய பின், உடலின் நடுவிலுள்ள கம்பத்திலிருந்து வால்வரை ஓடும் வானொலிக் கம்பி ஒன்று மிச்சமிருக்கும். பெட்டியில் எஞ்சிய சட்டத்துண்டு ஒன்றை எடுத்து, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல், உருட்டி உருட்டிக் காட்டினால், அது பளபளத்து இளகும்; அந்த க்ஷணம் சுடரிலிருந்து விலக்கி இரு கைகளாலும் நிதானமாக இழுத்தால் மயிரினும் மெல்லிய நூல் கிடைக்கும். அதை இரு முனைகளிலும் துளிப் பசையால் ஒட்டும்போது சற்றுத் தொய்வாகவே இருக்கும். இழுத்து நேராக்க முயன்றால் அறுந்துபோகும். பசை உலர்ந்ததும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சுடரை ஊதி அணைத்து, கனலும் நுனியை நூலுக்கு அடியில் விரற்கடை தூரத்தில் மெதுவாக நகர்த்திச் சென்றால், வெப்பம் பட்ட இடமெல்லாம் நூல் சுருங்கி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொய்வு நீங்கி, வீணையின் தந்தியைப்போல நிமிர்ந்து நிற்கும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.