சுத்தி நிக்கிறவங்க என்ன செய்யலாம்?



கலாய்க்கிறது வேறு, கொடுமைப்படுத்துவது வேறு. ரெண்டு பேரும் மாறி மாறி ஓட்டிக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சா அது விளையாட்டு. ஒருத்தனையே தினமும் குறிவைத்து, அவனால் திருப்பிச் செய்ய முடியாது என்று தெரிந்தே செய்தால் அது கொடுமை. திக்கிப் பேசுகிற ஒரு தம்பியைப் பார்த்தாலே தண்ணீர்க் குழாய் பக்கம் அவனைப் போலவே பேசிக் காட்டுகிறார்கள். அவன் இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்கவே வருவதில்லை. இது எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள்.

நார்வே நாட்டில் 1982-இல் சக மாணவர்களின் தொல்லையால் மூன்று சிறுவர்கள் உயிரிழந்தார்கள். நாடே அதிர்ந்தது. மறு வருடமே அரசாங்கம் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. டான் ஓல்வியஸ் என்ற பேராசிரியர் பெர்கன் நகரில் 42 பள்ளிகளில், சுமார் 2,500 மாணவர்களிடம் ஆய்வு செய்தார். பெயர் எழுதாத கேள்வித்தாள், வகுப்புக்கென்று விதிகள், இடைவேளையில் ஆசிரியர் கண்காணிப்பு, பெற்றோருடன் பேச்சு. அவ்வளவுதான். இரண்டே வருடத்தில் தொல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆனால் ஆசிரியர் எல்லா இடத்திலும் நிற்க முடியாதே! நாம்தான் நிற்கிறோம். கனடாவில் விளையாட்டு மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பார்த்து, 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொல்லை நடந்தபோது 100-க்கு 88 தடவை மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். தடுத்தது 19 தடவை மட்டும். அப்படித் தடுத்ததில் பாதிக்கும் மேல் 10 விநாடிக்குள் நின்றுவிட்டது. 10 விநாடி! பி.டி. சார் விசில் அடிச்சு நாம லைன்ல நிக்கவே அதைவிட நேரமாகும்.

தடுப்பது என்றால் சண்டைக்குப் போவதல்ல. "டேய் வாடா, உன்னை மிஸ் கூப்பிடுறாங்க" என்று அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாலே போதும். அதுவும் பயமா இருந்தா, சிரிக்காம நகர்ந்து போங்க. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் பேசிக் காட்டுகிறவனுக்கு என்ன வேலை? பின்லாந்தில் 'கிவா' என்ற திட்டத்தில், வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியரே அழைத்து, "அவனோடு சேர்ந்து இருங்கள்" என்று கேட்டுக்கொள்வாராம். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

இனி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் புகார்ப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருக்கிறது. யார் சீட்டுப் போடுறாங்கன்னு வராண்டாவுல நிக்கிற எல்லாருக்கும் தெரியும். 'போட்டுக் கொடுத்தவன்' என்று அன்றைக்கே பெயர் வந்துவிடும். பெட்டியை நூலகத்துக்குள் வைத்தால், புத்தகம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் யாரும் போடலாம். எந்த நாளில் திறப்பீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைப் பெயர் சொல்லாமல் காலை வழிபாட்டில் அறிவித்தால் எங்களுக்கும் நம்பிக்கை வரும்.

பள்ளியில் சொல்ல முடியாதவர்கள் 1098 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், காசு கிடையாது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பெட்டி இடம் மாறினால் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி