கத்தரித்த ஆட்டு உரோமத்தை நூலாக்கும் முறை

நம் நாட்டில் செம்மறியாட்டை உரோமத்திற்காக வளர்ப்போர் இல்லை. இறைச்சிக்காகவும், இளம் ரப்பர் நிரைகளுக்கிடையே மண்டும் புல்லை மேய்ந்து தீர்ப்பதற்காகவுமே வளர்க்கிறோம். 1970ஆம் ஆண்டுகளில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இம்முறையை ஆராய்ந்தது. அக்காலத்தில் நாட்டுச் செம்மறியாகிய ‘மாலின்’ இனத்தோடு இங்கிலாந்துக்குரிய ‘டார்செட் ஹார்ன்’ கிடாக்களைச் சேர்த்துக் கலப்பினக் குட்டிகள் பெறப்பட்டன. குட்டிகளின் உடல் பெருத்தது. கூடவே உரோமமும் அடர்ந்தது. ‘பார்படாஸ் பிளாக்பெல்லி’ போன்ற, கம்பளி உரோமமின்றி வெறும் மயிர் மட்டுமே உள்ள இனங்களை வைத்திருப்போருக்கு இத்தொல்லை இல்லை. மற்றவர்கள் உரோமத்தைக் கத்தரித்தே ஆகவேண்டும்.

கத்தரிக்காது விட்டால் நமது வெப்பத்தில் ஆடு மூச்சிரைக்கும், மேய்ச்சல் குறையும். வாலடியில் ஈரமும் சாணமும் ஒட்டிய இடத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். புழு தோலைத் துளைத்தபின் ஆட்டைக் காப்பது அரிது. ஆகவே, உரோமம் நீளமாக வளரட்டும் என்று காத்திருந்து ஆட்டை வதைத்தல் ஆகாது. சுண்டுவிரல் நீளம் இருந்தாலே நூற்பதற்குப் போதும்.

முதல்நாள் இரவு தீனி வைக்காமல், மழையில் நனையாத ஆட்டையே கத்தரிக்க வேண்டும். ஆட்டைப் பிட்டத்தின்மீது உட்கார வைத்து, அதன் முதுகை நம் முழங்கால்களில் சாய்த்துக்கொண்டால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நிறைசினை ஆட்டை இவ்வாறு புரட்டலாகாது. தோலை இழுத்துப் பிடித்து, ஒரே வெட்டில் அடியோடு எடுத்தல் வேண்டும். விட்டுப்போனதை மீண்டும் வெட்டினால் விழும் சிறு துணுக்குகள் நூலில் முடிச்சு முடிச்சாக நிற்கும். தோலில் கீறல் பட்டால் உடனே மருந்திடுக.

கத்தரித்ததைச் சாக்கின்மேல் விரித்து, வயிறு, கால், வால் பக்கத்து உரோமத்தைப் பிரித்து நீக்கவேண்டும். அதை வாழைக்கோ தென்னைக்கோ அடியுரமாகப் போடலாம். முதுகும் விலாவும் தருவதே நல்ல உரோமம். தோட்டத்து ஆடுகளில் மட்டும் காணும் ஒரு கேடு உண்டு: மரத்திலும் மங்கிலும் உரசி ஒட்டிய ரப்பர்ப் பால். அது காய்ந்தபின் எந்தச் சவர்க்காரத்திற்கும் கரையாது. அப்பகுதியை வெட்டி எறிவதே வழி. தொட்டாற்சுருங்கி முள்ளையும் கயிற்றுச் சாக்கின் நைலான் இழைகளையும் இப்போதே பொறுக்கிவிட வேண்டும்.

இனிக் கழுவுதல். உரோமம் வீணாவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். துணி துவைப்பதுபோல் கசக்கினால், உரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மிஞ்சுவது இறுகிய திரணையே. அதைப் பிரிக்க எவராலும் இயலாது. கசக்கக் கூடாது என்பதற்காகக் குளிர்ந்த நீரில் ஊற வைப்பாரும் உளர். அதனாலும் பயனில்லை, ஆட்டின் உடலில் ஊறிய மெழுகுக் கொழுப்பு சூட்டில்தான் உருகும். கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 60 பாகைச் சூடு கிடைக்கும், அதுவே அளவு. சவர்க்காரத்தைக் கரைத்தபின் உரோமத்தை மெல்ல அமிழ்த்துக. ஒரு வாளிக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். கால் மணி நேரம் அப்படியே விட்டு, நீர் ஆறுமுன் எடுத்துவிட வேண்டும். ஆறினால் உருகிய கொழுப்பு மீண்டும் உரோமத்திலேயே படியும். அடுத்த வாளி நீரும் அதே சூட்டில் இருத்தல் அவசியம். நீர் தெளியும்வரை இவ்வாறே அலசுக. கையைச் சுடுமாதலால் குச்சியால் தூக்குவது நலம். சோடாக்காரமும் வெளுப்பு நீரும் உரோமத்தையே கரைத்துவிடும். அவற்றை அருகில் கொண்டுவரலாகாது.

பிழியாமல் துணியில் சுற்றி அழுத்தி, வலைமேல் பரப்பி நிழலில் உலர்த்துக. எடை வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். போனது கொழுப்பும் மண்ணுமே. நம் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், துணிப்பையே ஏற்றது. அந்துப்பூச்சி முட்டையிடாதவாறு அதன் வாயை இறுகக் கட்டி, அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும்.

உலர்ந்ததை விரலால் பிரித்தபின், இரு கம்பிச் சீப்புகளுக்கிடையே வாரிச் சிறு திரிகளாகச் சுருட்ட வேண்டும். நாய்மயிர் வாரும் கம்பிச் சீப்பு இரண்டு இருந்தாலும் போதும். நூற்பதற்குத் தக்களி ஒன்று தேவை. மூங்கிற் குச்சியின் அடியில் வட்டப் பலகைத் துண்டைச் செருகினால் தக்களி ஆயிற்று. பஞ்சு நூற்கும் தக்களியைவிட இது சற்றுக் கனமாக இருக்கலாம். இடக்கையால் திரியை இழுத்துக்கொண்டே வலக்கையால் தக்களியைச் சுழற்ற, முறுக்கேறும். முதல் சில நாள் நூல் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் வரும்; கைப்பழக்கத்தில் சீராகும்.

கலப்பினத்துள் மென்மையான உரோமமும் கிடைப்பதுண்டு. ஆயினும் மாலினுடையது முரடு, உடம்பில் உறுத்தும். உடுப்புக்கு ஆகாது. கால்மிதிக்கும் விரிப்புக்கும் பைக்கும் நன்கு உழைக்கும். இதனால் சம்பளத்திற்கு ஈடான வருவாய் வரும் என்று எவரேனும் கூறின் நாம் நம்ப வேண்டியதில்லை. தீயிலும் சாக்கடையிலும் போவது வீட்டுக்கு ஒரு விரிப்பாகும், அவ்வளவே.

விரிப்புக்கான நூலை இரட்டையாக முறுக்குக. நூற்றபோது வலப்புறம் சுழற்றியிருந்தால் இப்போது இடப்புறம் சுழற்ற வேண்டும். பின்னர் சிட்டமாகச் சுற்றி, வெந்நீரில் நனைத்து, அடியில் சிறு கனம் கட்டித் தொங்கவிட்டால் முறுக்கு நிலைபெறும்.